கிளுவை வேலி இருந்த காலம்

கீழக்கரையிலிருந்து திருப்புல்லாணி போகிற வழியில் புஞ்சைக்காடுகளுக்கு அப்போதெல்லாம் கிளுவை வேலிதான். மழைக்கு முன்னால் கொம்பை வெட்டி ஊன்றினால் தானே தழைத்துக்கொள்ளும். காசு செலவில்லை, அதனாலேயே அதன்மேல் யாருக்கும் மரியாதையும் இல்லை. அந்த முள் நிழலில், ஆடு வாய் வைக்க முடியாத மூலையாகப் பார்த்துக் கள்ளிமுளையான் முளைத்துக் கிடக்கும்: விரல் தடிமனில் நான்கு பட்டைத் தண்டு, இலை என்று சொல்ல ஒன்றுமில்லை. கையெல்லாம் கீறிக்கொண்டு அதை ஒடித்து, புளிப்பும் கசப்புமாய் நாக்கைச் சுருட்டும் சாற்றை முகம் சுளிக்காமல் விழுங்குகிறவனே வீரன் என்றிருந்த வயதில் நானும் பெரிய வீரன்தான். வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. பிள்ளைக்கு யார் கண்ணோ பட்டுவிட்டது என்று உம்மா மிளகாயைச் சுற்றி அடுப்பில் போடுவார்கள்.

அறுவடை முடிந்த தரிசில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை போடுவார்கள். பகலெல்லாம் குடைவேல் நெற்றைத் தின்ற ஆடுகள், இரவில் புழுக்கையோடு விதையையும் போட்டுவிட்டுப் போகும். நிலத்துக்கு எரு, காட்டுக்கு நாற்று. இதற்கென்று எந்த அதிகாரியும் திட்டம் தீட்டவில்லை, அதனால்தானோ என்னவோ ஒழுங்காக நடந்தது. 1877 வாக்கில் மதராஸ் மாகாணத்துக்குள் வந்த சீமைக்கருவேலமும் பிற்பாடு அதே ஆட்டு வயிற்றில்தான் ஊர் ஊராகப் பயணம் போனது. ஆட்டைக் குறை சொல்வானேன், நெற்று இனித்தது. நாங்கள் கொழும்பு, சென்னை, துபாய் என்று கிளம்பிப் போய், உழாமல் போட்ட காடெல்லாம் அதற்குத் தோதாயிற்று. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை வேரோடு பிடுங்கச் சொன்னது. அதே ஆண்டு அந்த வேலைக்கு இடைக்காலத் தடையும் வந்தது. மரத்துக்கு யார் வக்கீல் என்று டீக்கடையில் கேட்டுச் சிரித்தோம். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் முண்டு மிளகாய்க்கு இப்போது ஏகப்பட்ட மரியாதை. புஞ்சை வேலிதான் கல்லுக்காலும் கம்பியுமாக மாறிவிட்டது. ஆடும் நுழையாது, கள்ளிமுளையானும் முளைக்காது.

போன பெருநாளைக்குத் துபாயிலிருந்து வந்த மச்சான் மகன், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு புட்டியைத் திறந்தான். பசியை அடக்கி உடம்பைக் குறைக்கும் மூலிகை மாத்திரையாம், நல்ல விலையாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேபிளைப் படித்தேன்: கராலுமா. அடே, நம்ம கள்ளிமுளையான்! வேலி, முள், வீரம் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவன் ஒன்றை விழுங்கித் தண்ணீர் குடித்துவிட்டு, இனிப்புத் தொதல் தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டான்.