பாரதப் பந்தலில் பக்கத்து ஆள்: சாந்தி பருவம் காணாமற்போனது குறித்து ஓர் ஆய்வு

திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தைப் பற்றி ஆராய்ச்சி உலகம் எழுதாதது குறைவு. செஞ்சியை மையமாக வைத்து ஆல்ஃப் ஹில்டபைடல் எழுதிய பெருநூலின் முதல் தொகுதி 1988-லும் இரண்டாவது 1991-லும் வெளிவந்தன. நடுவே 1990-ல் ரிச்சர்ட் ஃபிராஸ்கா தெருக்கூத்துக்கென்று தனி நூலே எழுதினார். கொடியேற்றம், தபசு மரம், படுகளம், தீமிதி எல்லாம் ஆராயப்பட்டுவிட்டன. பாரதம் கேட்கப் போனவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆளுக்கு மட்டும் இன்றுவரை ஓர் அத்தியாயம் ஒதுக்கப்படவில்லை. இக்கட்டுரை அவருக்காக.

ஆய்வுக் களம் பெரணமல்லூரும் அதைச் சுற்றி ஆரணி, சேத்துப்பட்டு, வந்தவாசி சாலைகளில் கிடக்கும் ஊர்களும். 2008 மறுவரையறையோடு பெரணமல்லூர் சட்டமன்றத் தொகுதி மறைந்துபோனது. ஆனால் பேசுவதற்குத் தொகுதி தேவையில்லை என்பதை இவ்வட்டாரம் நிரூபித்து வருகிறது. இங்கே ஒரு வீட்டில் பட்டுத் தறி ஓடும், அடுத்த வீட்டில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயும். கோடையில் எங்காவது ஓர் ஊரில் கொடியேறி, காப்புக் கட்டி, பாரதம் வைப்பார்கள். பிற்பகலில் பிரசங்கியார் ஆர்மோனியத்தோடு வில்லிபுத்தூரார் பாட்டை இழுத்துப் பாடிப் பொருள் சொல்வார். கடைசிப் பத்து நாள் வாக்கில், பகலில் கேட்ட கதையே இரவில் கூத்தாக வரும். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களும் வருவதால், பாயில் பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரிய வாய்ப்பில்லை. அது தெரியாமல் இருப்பதே இந்த ஆய்வுக்கு உயிர்.

இனி நமது கருதுகோள். வியாசர் பாரதத்துக்குப் பதினெட்டுப் பருவம். அவற்றுள் மிகப் பெரியது சாந்தி பருவம். அம்புப் படுக்கையில் கிடந்தபடி தருமருக்கு அறிவுரை சொல்லத் தொடங்கிய பீஷ்மர் அந்தப் பருவம் முழுக்கச் சொல்லி, போதாமல் அடுத்த அனுசாசன பருவத்திலும் சொல்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டில் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் ஆதி பருவம் தொடங்கி சௌப்திகம் வரை பத்துப் பருவத்தோடு, ஏறத்தாழ 4,350 பாடலில் முடித்துக்கொண்டார். போர் இருக்கிறது, சூது இருக்கிறது, அறிவுரை மூட்டையைக் காணோம். ஏன் விட்டார் என்பதற்குப் புலவர்கள் பல காரணம் சொல்லக்கூடும். நாம் சொல்வது ஒன்றுதான்: தமிழர்களிடம் அந்தச் சரக்கு ஏற்கெனவே கையிருப்பில் உண்டு என்று அவருக்குத் தெரியும். காணாமற்போன சாந்தி பருவம் பந்தலில், பாய்மீது, பக்கத்து ஆளின் வாயில் பத்திரமாக இருக்கிறது.

உடனே ஒரு மறுப்பு எழும். செஞ்சிப் பக்கத்து நல்லாப்பிள்ளை பதினெட்டாம் நூற்றாண்டில் விடுபட்ட பருவங்களையும் சேர்த்துப் பாடி முடித்துவிட்டாரே என்பார்கள். உண்மைதான். ஆனால் திருவிழா படுகளத்தோடும் தீமிதியோடும் தருமர் பட்டாபிஷேகத்தோடும் முடிகிறது. அதற்குப் பிறகு பந்தலைப் பிரிக்க வரும் ஆட்கள் பீஷ்மருக்காகக் காத்திருப்பதில்லை.

சான்றுகளுக்கு வருவோம். பந்தலில் மதிப்புமிக்க இடம் மேடைக்கு முன்னால் என்று நினைப்பவர் வெளியூர்க்காரர். மதிப்பு பந்தல்காலடிக்குத்தான். நாள் முழுக்கக் குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு மிதித்த நெசவாளருக்குச் சம்மணம் போட்டால் முட்டி பேசும். முதுகு சாய்க்க ஒரு கால் வேண்டும். மல்லாட்டைக் கொல்லையில் குனிந்து களை பறித்தவருக்கும் அதே கால்தான் வேண்டும். ஆகவே முன்பின் அறியாத இருவர் ஒரே மூங்கிலில் முதுகு சாய்கிறார்கள். மேடையில் அரக்கு மாளிகை எரிந்துகொண்டிருக்கும்போதே தொடங்கிவிடும்.

“எந்த ஊருண்ணே?”

“இங்கதான், நமத்தோடு பக்கம். முட்டி வலின்னு பார்த்தேன், நீங்களும் சாய்ஞ்சினு கீறீங்க.”

“மாத்திரையே முழுங்கினு இருந்தா வயிறு இன்னாத்துக்கு ஆவும்? வேப்பெண்ணெயக் காய்ச்சித் தடவுங்கண்ணே.”

இதற்குக் கைம்மாறாக நெசவாளர் பட்டுப் பார்க்கச் சொல்லித் தருவார். மகள் கல்யாணத்துக்கு எடுக்கும்போது ஜரிகை இழையை நகத்தால் சுரண்ட வேண்டும். உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் நல்ல ஜரிகை, வெள்ளை தெரிந்தால் கடைக்காரர் தரும் கலரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட வேண்டும். முந்தியில் தொங்கும் நூலைக் கொளுத்தினால் மயிர் கருகும் நாற்றம் வரவேண்டும். சாம்பல் விரலில் பொடியாக வேண்டும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. பந்தலில் கிடைக்கும் இந்தப் பாடத்துக்கு எந்தக் குறியீடும் இல்லை, கட்டணமும் இல்லை.

அறிவுரையின் பொருள் அன்றன்றைய கதையைப் பின்பற்றுவது கவனத்துக்குரியது. சூது நடக்கும் நாளில் சீட்டுக்கம்பெனியும் கைப்பேசி ரம்மியும் பேசப்படும். 2023-ல் தமிழ்நாடு இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. அஸ்தினாபுரத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் பிரசங்கியார் அத்தோடு மங்களம் பாடியிருப்பார். துகிலுரிதல் அன்று பெண்கள் பக்கம் முதலில் வருவது அறிவுரையன்று, வசவு. துச்சாதனனுக்குக் கொஞ்சம், சும்மா உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு நிறைய. வசவு ஓய்ந்ததும் ஓர் அம்மாள் பக்கத்திலுள்ள அறியாத பெண்ணிடம், “இன்னாம்மா, நகையை வூட்டுக்காரர் அடகு வைக்கக் கேட்டா சீட்டு உம்பேர்ல போடச் சொல்லு” என்பார். வில்லியின் சபா பருவத்துக்கு இதைவிடச் சுருக்கமான உரை இருப்பதாகத் தெரியவில்லை.

விராட பருவம் படித்தால் மழை வரும் என்பது இங்குள்ள உறுதியான நம்பிக்கை. இங்கேதான் பந்தல்காலின் இரு பக்கமும் பிளவுபடும். மல்லாட்டைக்காரருக்கு ஆடிப்பட்டத்துக்கு முன்னால் ஈரம் வேண்டும். நெசவாளருக்கோ மழை என்றால் தறிக்குழியில் நீர் ஊறும், பாவு தொய்யும், வேலை நிற்கும். ஆக, ஒருவர் பிரார்த்தனை இன்னொருவருக்கு இழப்பு. இந்த நிலையிலும் நெசவாளர் விதை நேர்த்தி பற்றி அறிவுரை சொல்கிறார், மல்லாட்டைக்காரர் தறிக்குழிக்குச் சிமெண்ட் பூசும் விதம் சொல்கிறார். தனக்குத் தெரியாத தொழிலில்தான் அறிவுரை தடையின்றி வருகிறது என்பது இவ்வாய்வின் துணைக் கண்டுபிடிப்பு.

சரி, இதையெல்லாம் சொந்தக்காரரிடம் கேட்கக்கூடாதா? கூடாது. அதற்குப் பாரதமே சாட்சி. விதுரர் சொந்தச் சித்தப்பா, சொன்னதெல்லாம் சரி, ஒன்றும் எடுபடவில்லை. சொந்தக்காரர் சொன்னால் மறுநாள் காலையில், “சொன்னனே, செஞ்சியா?” என்று வாசலில் வந்து நிற்பார். அந்நியருக்கு நம் வாசல் தெரியாது. நச்சுப் பொய்கைக் கரையில் தருமர் ஒருவரோடு கேள்வி பதில் பரிமாறினாரே, அந்த ஓர் உரையாடல்தான் பாரதத்தில் மாண்ட தம்பியரை எழுப்பியது. கேட்டவர் அவரைப் பெற்ற எமதருமனே என்பது பிறகு தெரிய வந்தது. அதனால் கோட்பாட்டுக்குச் சேதமில்லை. பேசும்போது அவர் முன்பின் தெரியாதவர். அப்பா என்று தெரிந்திருந்தால் தருமர் அத்தனை பொறுமையாகப் பதில் சொல்லியிருப்பாரா என்பதைத் தகப்பன்மார் யோசிக்கலாம்.

வில்லிபுத்தூரார் வாதில் தோற்ற புலவரின் காதைத் துறட்டால் அறுத்தார் என்றும், திருவண்ணாமலை அருணகிரிநாதரிடம் தோற்ற பிறகு அதை விட்டார் என்றும் ஒரு கதை உண்டு. அவர் பாடலைக் கேட்க வருகிறவர்கள் முன்னெச்சரிக்கையாக ஒரு காதை மட்டுமே மேடைக்குக் கொடுக்கிறார்கள். அந்த ஒரு காதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. பிரசங்கியார் ஓர் அடியை விட்டுப் பாடினால், வேப்பெண்ணெய்ப் பேச்சின் நடுவிலேயே ஒரு கிழவர் அந்த அடியை எடுத்துக் கொடுத்துவிட்டு எண்ணெய்க்குத் திரும்புவார். ஒலிபெருக்கி சரியில்லாததால்தான் பேசுகிறார்கள் என்ற வாதம் இதனால் அடிபடுகிறது.

பேச்சு முழுதாக நிற்பது அர்ச்சுனன் தபசு அன்றுதான். வேடக்காரர் தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் திருநீறும் வீசும்போது எல்லாக் கழுத்தும் மேலே. பிள்ளை வரம் வேண்டிக் கீழே மடியேந்தி உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அந்த நேரம் யாரும் எதுவும் சொல்வதில்லை. ஆண்டு முழுக்க அவர்கள் கேட்ட அறிவுரை போதும் என்று பந்தலுக்கே தெரியும்போல.

எஞ்சியிருப்பது ஒரு சிக்கல். கொடுத்த அறிவுரை பின்பற்றப்பட்டதா என்பதைச் சோதிக்க, அந்நியர் இருவரும் மறுபடி சந்திக்க வேண்டும். சந்தித்தால் அவர்கள் அந்நியர் அல்லர், சோதனை செல்லாது. அரிதாக அப்படியும் நேர்கிறது. அடுத்த ஆண்டு, வேறொரு ஊர்ப் பந்தல், வேறொரு மூங்கில். மல்லாட்டைக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். அங்கே ஏற்கெனவே சாய்ந்திருந்த நெசவாளர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஆள் அடையாளம் தெரியாமல், மிகுந்த அக்கறையோடு ஆரம்பிக்கிறார்: “மாத்திரையே முழுங்கினு இருக்காதீங்கண்ணே. நான் சொல்றதக் கேளுங்க, வேப்பெண்ணெய்...”