தாடையைக் காத்த தலைமுறை

2019-20இல் பத்தாம் வகுப்பு படித்த பையன்களில் எவனைக் கூப்பிட்டாலும் அவன் வந்து நிற்பான். அதனால் அவனுக்குப் பெயர் வேண்டாம்.

2020 மார்ச் 27ஆம் தேதி தொடங்கியிருக்க வேண்டிய அவனுடைய பொதுத்தேர்வு ஊரடங்கில் நின்றது. ஜூன் 1 என்றார்கள். அப்புறம் ஜூன் 15 என்றார்கள். ஜூன் 9ஆம் தேதி, தேர்வே கிடையாது, அத்தனை பேரும் பாஸ் என்றார்கள். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம். ஊரே கொரோனாவைச் சபித்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் அதைக் குலதெய்வத்துக்குப் பக்கத்தில் ஒரு இடம் ஒதுக்கி உட்கார வைத்தான். அவனுக்கு இருந்த ஒரே மனக்குறை, “காலாண்டுதான் பப்ளிக்னு முன்னாடியே சொல்லியிருந்தா படிச்சிருப்பேன்ல சார்” என்பதுதான்.

2021 பிப்ரவரி 8. பதினொன்றாம் வகுப்பு மாணவனாகப் பள்ளிக்குள் வந்தான். கேட்டில் வெப்பமானித் துப்பாக்கியோடு நிற்கும் வேலை தமிழாசிரியனான எனக்கு. ஏன் எனக்கு என்று கேட்கக்கூடாது. எந்தப் பாடத்திலும் சேராத வேலைகள் தமிழாசிரியரிடம்தான் வந்து சேரும். முதலில் பெற்றோர் ஒப்புதல் கடிதத்தை நீட்டினான். “என் மகனை முழு மனதுடன் பள்ளிக்கு அனுப்பச் சம்மதிக்கிறேன்.” சம்மதிக்கிறேனில் ஒரு ‘ம்’ குறைந்திருந்தது. அந்த ‘ம்’மை மூன்று வருடமாகத் தொலைத்துக்கொண்டிருந்தவர் யார் என்பது எனக்குத் தெரியும், அது அவனுடைய அப்பா இல்லை. உள்ளே விட்டேன்.

துப்பாக்கியை நெற்றிக்கு நேரே பிடித்தால் 96.8. அதைப் பார்த்ததும் அவன் முகம் வாடியது.

“எவ்வளவு காட்டினா சார் வீட்டுக்கு அனுப்புவீங்க?”

மறுநாள் சைக்கிள் ஸ்டாண்டு வெயிலில் நெற்றியைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். அன்றைக்கும் 97ஐத் தாண்டவில்லை. அந்தக் கருவி எங்கள் தலைமையாசிரியருக்கும் 96.8தான் காட்டியது, வெந்நீர்ப் பானைக்கும் ஏறக்குறைய அதையேதான் காட்டியிருக்கும் என்பது என் துணிபு.

மாஸ்க் போடவில்லை என்று அவனை யாரும் குற்றம் சொல்ல முடியாது. காலையிலிருந்து மாலை வரை போட்டிருப்பான். எங்கே போட்டிருப்பான் என்பதில்தான் விஷயம். அது மூக்கை மூடியிருந்தால் தலைமையாசிரியர் வராந்தாவில் வருகிறார். உதட்டு மட்டத்தில் இருந்தால் பி.இ.டி. சார். தாடைக்கு இறங்கிவிட்டால் நான். சட்டைப் பையில் இருந்தால் சுற்றுவட்டாரத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. ஸ்டாஃப் ரூம் ஜன்னலிலிருந்து அவன் மாஸ்க்கைப் பார்த்தே, எச்.எம். எங்கே நடந்துகொண்டிருக்கிறார் என்று நாங்கள் கணித்துவிடுவோம். இரண்டு முறை அந்தக் கணிப்பில் டீ டம்ளர்கள் உரிய நேரத்தில் மறைந்திருக்கின்றன.

விவரம் தெரியாதவன் என்றும் சொல்ல முடியாது. எழுப்பிக் கேட்டால் ஐந்து மதிப்பெண் வினாவுக்குரிய விடை வரும். நோய் இருமும்போதும் தும்மும்போதும் பரவும். கைகளைச் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவ வேண்டும். ஆறடி இடைவெளி வேண்டும். கண், மூக்கு, வாயைத் தொடக்கூடாது. கடைசிக் குறிப்பைச் சொல்லும்போது மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

“இவ்வளவு தெரியுதே, அப்புறம் ஏன்டா?”

“நமக்கெல்லாம் வராது சார்.”

இதற்கு ஆதாரங்கள் வைத்திருந்தான். நம்ம வெயிலுக்கு அது செத்துப்போகும். நாம ரசம் குடிக்கிற ஆளுங்க. அது ஏ.சி.யில உட்கார்ந்திருக்கிறவனுக்கு வர்றது. இந்த மூன்றையும் அவன் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். சித்தப்பா ஏ.சி. மெக்கானிக்.

அவனுக்கு மெய்யாகவே இருந்த பயம் 200 ரூபாய். 2020 செப்டம்பரில் அரசு அபராதங்களை அறிவித்தது: மாஸ்க் இல்லாவிட்டால் 200, பொது இடத்தில் துப்பினால் 500, இடைவெளி விடாவிட்டால் 500. அதனால் அவனும் இரண்டு சிநேகிதர்களும் ஒரே டி.வி.எஸ். எக்ஸெல்லில் கடைவீதியைக் கடந்தபோது மூன்று பேர் முகமும் கண்ணுக்குக் கீழே கச்சிதமாக மூடியிருந்தது. ஹெல்மெட் இல்லை, லைசென்ஸ் இல்லை, அதற்குரிய வயதும் இல்லை, மூவருக்கும் நடுவில் காற்று புக வழியில்லை. ஆனால் மாஸ்க் விதி மட்டும் பிசகவில்லை.

ஒரு வகுப்புக்கு 25 பேர்தான் என்பது உத்தரவு. பெஞ்சின் இந்த ஓரத்தில் ஒருவன், அந்த ஓரத்தில் ஒருவன். சம்பந்தி சண்டை நடந்த கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி இருக்கும். மதிய மணி அடித்ததும் இரண்டு பிரிவின் 25களும் புளியமரத்தடியில் ஒன்றாகி, முட்டை இருக்கிற டிபன் பாக்ஸ் எதுவென்று கண்டுபிடித்து, அதில் ஒரே சமயத்தில் கை நுழைப்பார்கள். காலையில் வரிசையில் நின்று சானிடைசர் தடவிய கைகள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த சானிடைசருக்கு அவன் கண்ட பெரிய பயன் வேறு. பெஞ்சில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிய பெயரை அது சுத்தமாக அழிக்கும். எங்கள் பள்ளியில் பல காதல்கள் அப்படித்தான் தடயமின்றி முடிந்தன.

கபசுரக் குடிநீர் கொடுத்த நாளில் அவன் முதல் ஆளாக வந்து வாங்கி, வாயில் அடக்கிக்கொண்டு, கும்பிடு போட்டுவிட்டு வேகமாக வேப்பமரத்துப் பக்கம் போனான். அந்த மரம் அதற்குமுன்பே கசப்புதான். விட்டமின் மாத்திரை, ஜிங்க் மாத்திரை பற்றி நான் விசாரிக்கவில்லை. பள்ளித் தோட்டத்துச் செம்பருத்தி அந்த வருடம் நன்றாகப் பூத்தது.

மாஸ்க்கின் அருமையை அவன் உணர்ந்தது வகுப்புக்குள்தான். யார் சத்தம் போட்டது என்று எந்த ஆசிரியராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடலை மிட்டாய் ஒரு பாடவேளை முழுக்க உள்ளே கரைந்தது. “உள்ளேன் ஐயா” என்பதை ஒருவனே மூன்று குரலில் சொன்னான். இவையெல்லாம் போகட்டும், இன்னொன்று இருந்தது, அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பருவும், ஒரு பக்கம் மட்டும் அரும்பிய மீசையும், உடைந்த குரலும் வந்து சேர்ந்த வருடத்தில் முகத்தை மூடிக்கொள்ள அரசே அனுமதித்திருந்தது. எங்கள் காலத்தில் அப்படி ஒரு உத்தரவு இல்லாமல் போனதே என்று தோன்றியது.

பெண்கள் பக்கம் ஆட்சி வேறு. பைக்கு ஒரு சின்ன சானிடைசர் பாட்டில் வளையம் போட்டுத் தொங்கும். முதல் பெஞ்சில் ஒரு பெண் இருந்தாள். மாஸ்க்மேல் மாஸ்க் போட்டிருப்பாள், விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தால் முதலில் தாளுக்கு ஒரு தெளிப்பு, பிறகுதான் மதிப்பெண் பார்ப்பது. சிவப்பு மை கரைந்து என் 38 ஒருமுறை 88 ஆனது. அவள் ஆட்சேபிக்கவில்லை.

பிப்ரவரி 25ஆம் தேதி, ஒன்பது, பத்து, பதினொன்று மூன்று வகுப்புக்கும் தேர்வில்லாமல் தேர்ச்சி என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். பள்ளிக்கு வந்து பதினெட்டாம் நாள் அவன் பன்னிரண்டாம் வகுப்பு. குலதெய்வத்துக்குப் பக்கத்து இடம் இப்போது கொஞ்சம் உயர்த்தப்பட்டது. மார்ச் 22இல் அந்த மூன்று வகுப்புகளுக்கும் பள்ளியை மூடினார்கள்.

இரண்டாம் அலை அடித்த அந்த மே மாதத்தைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. செப்டம்பர் 1ஆம் தேதி திரும்பி வந்தபோது எல்லாரும் ஒரு சாண் வளர்ந்திருந்தார்கள். சிலர் திருப்பூரில் பனியன் மடித்துவிட்டு வந்திருந்தார்கள். பதிவேட்டில் பெற்றோர் கட்டத்தில் சிலருக்கு நான் மாற்றி எழுத வேண்டியிருந்தது. கடைசி பெஞ்சில் ஒருவன் மாஸ்க்கை மூக்கிலிருந்து இறக்கவேயில்லை, எச்.எம். ஊரில் இல்லாத நாளிலும். சாப்பிடத் தனியாகப் போனான். கேட்டதற்கு, “அப்பத்தாவுக்குச் சுகர் சார், வீட்ல ஒரே ரூம்தான்” என்றான். கொரோனா பரவும் விதம் பற்றி அவனிடம் கேட்டால் இரண்டு குறிப்புக்குமேல் தேறாது.

நம்மவன் அவனைக் கிண்டல் செய்யவில்லை. அவன் பக்கத்தில் போகும்போது மட்டும், யாரும் சொல்லாமல், தன் மாஸ்க்கைத் தாடையிலிருந்து மேலே ஏற்றிக்கொள்வான். தாண்டியதும் இறக்கிவிடுவான்.

2022 ஜனவரி 3 முதல் 15 வயது தாண்டியவர்களுக்குக் கோவாக்சின் போடத் தொடங்கினார்கள். எங்கள் பள்ளி முகாமில் மூன்று பேர் மயங்கி விழுந்தார்கள். மூவரும் கபடி டீம். ஊசி போட்டுக்கொண்ட நம்மவன் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி என்னிடம் வந்தான். “கை வலிச்சா எழுத முடியாதுல்ல சார், ரிவிஷன் டெஸ்ட்?” வலி இடது கையில் என்று காட்டினேன். அடுத்த டோஸ் எப்போது, வலது கையில் போடுவார்களா என்று நர்ஸம்மாவிடம் விசாரிக்கப் போனான்.

வாழ்க்கையில் அவன் எழுத வேண்டிய முதல் பொதுத்தேர்வு 2022 மே 5ஆம் தேதி என்று அறிவித்துவிட்டார்கள். ஏப்ரல் கடைசி வாரம், காலை ஏழு மணி ஸ்பெஷல் கிளாஸ். அந்த வேளைக்கு அவன் கண் விழித்திருப்பதே அபூர்வம். அன்றைக்கு ஓடி வந்தான். கையில் செய்தித்தாள்.

“சார், சென்னை ஐ.ஐ.டி.யில திரும்ப வந்துடுச்சாம் சார்! நிறையப் பேருக்கு!”

“சரி, அதுக்கு என்ன? அது சென்னையிலப்பா. நாம திருச்சிப் பக்கம்.”

“பஸ்ல ஆறு மணி நேரம்தான் சார்.”