பல்லடம் ரோட்டில் போர்க்கப்பல்

கேள்வி: டேங்க் ஆவடியில், கப்பல் விசாகப்பட்டினத்தில். போருக்கும் எங்கள் பக்கத்துக்கும் பனியனைத் தவிர வேறு சம்பந்தமே இல்லைங்களா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: ஏன் இல்லை? உங்கள் பக்கத்து சூலூரில் ஒரு ‘கப்பலே’ நின்றது! இரண்டாம் உலகப் போரின்போது 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் கொழும்பு, திருகோணமலை மீது குண்டு வீசின. அதே ஆண்டு, கடற்கரையை விட்டு உள்ளே தள்ளி, விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்களைப் பழுதுபார்க்க பிரிட்டிஷ் கடற்படை கோவையில் ஒரு பட்டறை போட்டது. பெயர் எச்.எம்.எஸ். கருடா. 1945இல் சூலூர் விமானத் தளம் எச்.எம்.எஸ். வைரி ஆனது. தரையில் இருக்கும் தளத்துக்கும் கப்பல் பெயர் வைப்பது அவர்கள் சம்பிரதாயம். கேட்டைத் தாண்டி டீ குடிக்கப் போனாலும் ‘கரைக்குப் போகிறேன்’ என்பார்கள். சுற்றிலும் பருத்திக் காடு என்பதெல்லாம் அவர்களுக்குப் பொருட்டில்லை. 1946இல் இரண்டையும் மூடினார்கள். கருடா பெயரை நம் கடற்படை பிறகு கொச்சித் தளத்துக்கு வைத்துக்கொண்டது. சூலூர் இன்று விமானப்படை வசம். விசைத்தறிச் சத்தத்தையும் மீறி உங்கள் காது அடைத்தால், அது தேஜஸ் போர் விமானம். ஓனரிடம் புகார் சொல்லிப் பிரயோஜனமில்லை.