பானைக்கும் ரசிகர் உண்டு

கேள்வி: பாடகரைக் கொண்டாடும் ரசிகர்கள், பின்னால் தாளம் போடுபவரையும் கொண்டாடுவார்களா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: கொண்டாடுவார்கள், கடக் கலைஞர் விக்கு விநாயக்ராமே சாட்சி. விருத்தாசலத்தில் மண் சூளைக்குப் போனால் பீங்கானாகிறது; மானாமதுரையில் கடம் என்ற தாளப் பானையாகிறது. கர்நாடகக் கச்சேரியில் மிருதங்கத்துக்குப் பின்னால் ஓரமாக உட்கார்ந்த அந்தக் கடத்தை, 1970களில் ஜான் மெக்லாஃப்லின், எல். சங்கர், ஜாகிர் உசேனோடு ‘சக்தி’ இசைக்குழுவில் மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தவர் விநாயக்ராம். விரல், நகம், உள்ளங்கை மூன்றும் உழைக்கும். பானையின் வாயை வாசிப்பவர் தன் வயிற்றில் அழுத்தித் திறந்தால் அது உறுமும். தோலே இல்லாத வாத்தியத்தில் இத்தனை குரல்! கிரேட்ஃபுல் டெட் ராக் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ ஆல்பத்திலும் வாசித்தார். அது 1992-இல் கிராமி வென்றது. 2014-இல் விநாயக்ராமுக்குப் பத்மபூஷண். அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிரா வாசித்த ‘சக்தி’க்கு 2024-இல் கிராமி கிடைத்தது.