தலைவர் பதவி வேண்டாத நகல்

கேள்வி: இண்டெக்ஸைத் துண்டு போட்டு நகல் எடுப்பதில் எந்தத் தேடல் மென்பொருள் கெட்டி, எலாஸ்டிக்சர்ச்சா, சோலரா?

பதில்: இரண்டுக்கும் உள்ளே இருப்பது ஒரே லூசீன் தேடல் நூலகம்தான், பங்காளிச் சண்டை! எலாஸ்டிக்சர்ச்சில் முதன்மை ஷார்டு (துண்டு) எத்தனை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆவண ஐடியை ஹாஷ் செய்து அந்தக் கணக்கில்தான் இடம் ஒதுக்கும். பிறகு மனம் மாறினால் புது இண்டெக்ஸ்தான். கேட்காமலே 5 ஷார்டு கொடுத்த தாராளமும் 2019இல், 7ஆம் பதிப்பில், 1 ஆகச் சுருங்கியது. சோலரோ ஓடுகிற ஷார்டையே இரண்டாகப் பிளக்கும்.

நகலில் என் ஓட்டு சோலருக்கே. அதன் மூன்று வகை நகல்களில் ‘புல்’ வகை, தேடலுக்குப் பதில் சொல்லும். ஷார்டின் தலைவர் பதவிக்கு மட்டும் வராது. அரசியலில் பார்த்திருக்கிறீர்களா? எலாஸ்டிக்சர்ச் அசலையும் நகலையும் ஒரே நோடில் வைக்காது. அதனால் ஒற்றை சர்வர்காரர் எத்தனை நகல் கேட்டாலும், நகலுக்கு இடமில்லை என்று மஞ்சள் விளக்குதான் எரியும்.