ஆத்தூர் இருட்டும் அதன் உட்பிரிவுகளும்: முட்டைக்கோழியை முன்வைத்து ஓர் ஆய்வு

சேலம் மாவட்டம் ஆத்தூரில் இருட்டு என்று ஒன்று உண்டா, உண்டெனில் அது எத்தனை வகைப்படும் என்ற வினாவைத் தமிழாய்வுலகம் இன்றுவரை தீண்டவில்லை. காரணம் எளிது. இருட்டு இரவில் நிகழ்கிறது. கருத்தரங்குகள் மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடுகின்றன. இந்த ஆய்வு இடைவெளியை நிரப்ப ஒரு சிறு தொலைநோக்கியும், ஊருக்கு வெளியே ஒரு வயலும், கொசுவர்த்திச் சுருள் ஒரு பெட்டியும் போதும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வுக்களம்

வசிட்ட நதிக்கரையில், மரவள்ளிக்கும் பாக்குக்கும் பேர்போன மண்ணில், வடக்கே கல்வராயன் மலையும் தெற்கே பச்சைமலையும் அணைகட்ட அமைந்தது ஆத்தூர். அகலாங்கு வடக்கே பதினொன்றரைப் பாகைக்குச் சற்று மேல். இந்த எண்ணை ஆய்வாளர்கள் இரண்டாம் பத்தியில் போட்டுவிட்டு அதோடு மறந்துவிடுவது மரபு. இங்கே அதற்கு வேலை இருக்கிறது. ஓர் ஊரின் அகலாங்கு எத்தனை பாகையோ, துருவ நட்சத்திரம் அங்கே அத்தனை பாகை உயரத்தில் நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அது பத்துப் பாகை. ஆத்தூரில் வடக்கு அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி, அதன் மேல் ஒரு கட்டைவிரல், அங்கே துருவன். மே மாத நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில் அதே வயலில் தெற்கே திரும்பினால் இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் கீழே தென்சிலுவை. இன்னும் ஒரு மணி நேரம் கழித்து, மூன்று முஷ்டி உயரத்தில், ஒமேகா சென்டாரி என்னும் பெரும் விண்மீன் திரள். லண்டன்காரர் தம் ஊரிலிருந்து தென்சிலுவையைப் பார்க்கவே முடியாது. சிட்னிக்காரருக்குத் துருவ நட்சத்திரம் கிடையாது. ஆத்தூர்க்காரருக்கு இரண்டும் உண்டு, இரண்டையும் பார்ப்பதில்லை.

முன்னாய்வுகள்

தொலைநோக்கியைப் பழந்தமிழரே கண்டுபிடித்தனர் என்று நிறுவத் துடிக்கும் அறிஞர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களுள் எவரும் அதன் வழியே எதையேனும் பார்த்ததாகக் குறிப்பு இல்லை. பார்த்தவர்கள் வேறு வகையினர். சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, ஆர் ரெட்டிகுலி என்ற விண்மீனின் ஒளி கூடிக் குறைவதை 1867-இல் கண்டார். ஆத்தூருக்கு வடக்கே நூறு கிலோமீட்டர் சொச்சத்தில், ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. யுரேனஸின் வளையங்கள் பிடிபட்ட 1977 மார்ச் 10 இரவில் அங்கிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கியும் அதைப் பதிவு செய்தது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்டது. மலையும் காடும் இருட்டும் சேர்ந்திருந்த இடமாகப் பார்த்து வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தது காவலூர். இந்த முன்னாய்வுகளில் கண்டுபிடிப்பு மிகுதி, மேற்கோள் குறைவு. ஆகவே இன்றைய மதிப்பெண் முறையில் இவை தேறா.

கருவி

கையில் தூக்குவது, வண்டியில் கட்டுவது, காரில் போடுவது, வாங்கிய மூன்றாம் வாரம் பரணில் ஏறுவது எனத் தொலைநோக்கி நால்வகைப்படும். நான்காவதே தொகையில் பெரிது (காண்க: பரண்).

எழுபது மில்லிமீட்டர் வில்லை உள்ள எளிய கருவியே இருட்டில் விரிந்த கண்மணியைவிட நூறு மடங்கு ஒளியை அள்ளும். கண்மணி ஏழு மில்லிமீட்டர், வில்லை அதைப்போல் பத்து மடங்கு அகலம், பரப்பில் நூறு. அட்டைப்பெட்டியின் மேல் ஐந்நூறு மடங்கு பெரிதாக்கும் என்று போட்டிருப்பார்கள். நூற்று நாற்பதைத் தாண்டினால் தெரிவது கலங்கல்தான்.

பெரிய ஆடியை எளிய மரப்பெட்டியில் உட்காரவைக்கும் டாப்சன் வகைக் கருவிக்கு ஆன்மிக வரலாறு ஒன்று உண்டு. ஜான் டாப்சன் கலிஃபோர்னியாவில் ராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்தச் சங்க மடத்தில் துறவியாக இருந்தார். கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார். அட்டைக் குழாயில் பொருத்தி, அக்கம்பக்கத்தாருக்கு வானத்தைக் காட்டினார். அந்த மோகம் முற்றி, 1967-இல் மடத்திலிருந்து வெளியேற்றப்பட்டார். பிறகு நடைபாதையில் நின்று போவோர் வருவோரைக் கூப்பிட்டுச் சனியைக் காட்டுவதே அவருக்குத் தொழிலாயிற்று. உலகத்தைத் துறக்க அனுமதித்த மடம், அதை உருப்பெருக்கிப் பார்க்க அனுமதிக்கவில்லை.

இருட்டின் வகைகள்

அமெரிக்கரான ஜான் பார்ட்டில் 2001-இல் இருட்டை ஒன்பதாக வகுத்தார். முதல் வகையில் பால்வீதியின் ஒளியிலேயே நிழல் விழும். ஒன்பதாம் வகை மாநகரின் நடு. நல்ல அளவுகோல். கெட்டுப்போனது அதற்குப் பிறகு. வயலுக்கு வந்து சேர்ந்ததும் இது நான்கா நான்கரையா என்று இரண்டு மணி நேரம் வழக்காடி, வானத்தைப் பாராமலே வீடு திரும்பும் ஓர் இனம் உருவாகிவிட்டது. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். எந்த வகை என்று பார்க்கக் கைபேசியை எடுத்தாலே அது கெட்டது.

ஒன்பது வகை ஆத்தூருக்குப் போதாது. ஜவ்வரிசி ஆலை வெளிச்சம், கல்யாண மண்டப வெளிச்சம், திருவிழாச் சீரியல் செட்டு ஆகியவை தனி ஆய்வுக்குரியன. மின்வெட்டு ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியாது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதி மின்சாரம் இல்லாத மாதங்கள் இருந்தன. தமிழக வானியலின் பொற்காலம் அதுவே. ஆனால் அப்போது யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. எல்லோரும் மின்வாரியத்துக்கு போன் போட்டுக்கொண்டிருந்தனர்.

கோழி

சேலம், நாமக்கல் சமவெளியில் இருட்டைத் தேடிப் போகிறவர் கடைசியில் ஒரு கோழிப்பண்ணையில் போய் முட்டிக்கொள்வார். இதுவே இக்கட்டுரையின் மையம். மற்றவை பக்கம் நிரப்ப.

முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்குப் பதினாறு மணி நேர வெளிச்சம் தேவை. இந்த அகலாங்கில் பகல் ஆண்டு முழுக்கப் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருப்பதால், பாக்கி நான்கை பல்பு தருகிறது: விடியுமுன் கொஞ்சம், பொழுது சாய்ந்தபின் கொஞ்சம் (பால்காரர், வாய்மொழி, வண்டியை நிறுத்தாமலே சொன்னது). கொட்டகைக்குப் பக்கச்சுவர் கிடையாது, கம்பிவலைதான்; உள்ளே எரிவது வெளியேயும் எரியும். கூண்டுக்குள் வேண்டிய வெளிச்சம் பத்து லக்ஸ் அளவு. முழுநிலவு கால் லக்ஸ். எனவே கோழி ஒவ்வொன்றும் நாற்பது நிலாக்களின் கீழ் வாழ்கிறது. இந்தப் பேறு எந்தக் கவிஞனுக்கும் வாய்த்ததில்லை.

சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஆறு பாகை போனால் குடிமை அந்தி முடியும், பன்னிரண்டு போனால் கடல் அந்தி, பதினெட்டு போனால் வானியல் அந்தி என்பது உலக வழக்கு. நான்காவதாகக் ‘கோழி அந்தி’ ஒன்றை இக்கட்டுரை முன்மொழிகிறது. கொட்டகை விளக்கு அணையும்போது அது முடிகிறது. அப்போது தொடங்கும் ‘கோழியிரவு’ எட்டு மணி நேரம். வானியல் இரவு ஆத்தூரில் எட்டரை மணிக்கும் பத்து மணிக்கும் இடைப்பட்ட நீளம். ஆக, கோழி திருடும் இருட்டு அரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள்தான் என்று குறைகூறுவோர் உண்டு. ஓர் ஆய்வேட்டுக்கு அது தாராளம் (மேற்படிப் பால்காரர், திரும்பி வரும்போது திருத்திச் சொன்னது; முதற்பாடத்திலிருந்து வேறுபடுகிறது).

சிக்கல் இனிமேல்தான். பறவை வெளிச்சத்தைக் கண்ணால் மட்டும் உணர்வதில்லை. மண்டையோட்டைக் கடந்து மூளையின் அடிப்பகுதிக்கே ஒளி போகிறது. நன்றாகக் கடப்பது சிவப்பு. முட்டையிடத் தூண்டுவதும் அதுவே. நட்சத்திரம் பார்ப்போரோ கண்ணின் இருட்டுப் பழக்கம் கெடாதிருக்க டார்ச்சின் மேல் சிவப்புத் தாள் சுற்றுவார்கள். வானியல் கழகம் ஒன்று இரவெல்லாம் சிவப்பு டார்ச்சோடு பண்ணையோரம் உலவினால் உற்பத்தி கூடுமா? கூடினால் அந்த உபரி முட்டை யாருக்குச் சொந்தம்? நாள்தோறும் நாமக்கல் மண்டலத்துக்கு முட்டை விலை சொல்லும் ஒருங்கிணைப்புக் குழு இது பற்றி மௌனம் காக்கிறது. கோழிகளின் கருத்தோ தெளிவு (கூண்டு வரிசை 3, கொக்கரிப்பு 12 முதல் 40 வரை, 27-ஆம் கொக்கரிப்பு இடைச்செருகல் என்பார் ஒரு சாரார், அது மூலத்தில் உள்ளதே என்பார் மறுசாரார், இரு சாராரும் ஒரே துறையில் ஒரே அறையில் இருபதாண்டு உட்கார்ந்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளாமல் ஓய்வு பெற்றவர்கள்).

முக்காலி

2018-இல் சேலம்–சென்னை எட்டு வழிச் சாலைக்கு நிலம் அளந்து கல் நட்டார்கள். நிலமெடுப்பு அறிவிக்கையை 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்தது. அன்றுமுதல் மூன்று காலில் நிற்கும் எதையும் இந்த மாவட்டத்து விவசாயி நல்லெண்ணத்தோடு பார்ப்பதில்லை.

“தம்பி, யாரு நெலத்த அளக்கறீங்க?”

“இல்லீங்கய்யா, நட்சத்திரம் பாக்கறோம்.”

“அங்கயும் ரோடு போடறாங்களா?”

போர் போடத் தண்ணீர் பார்க்கிறார்கள் என்று நினைத்து, தேங்காய் எங்கே என்று கேட்டவர் தனி வகை.

சனி

வளையத்தோடு கூடிய சனியைக் காட்டலாம் என்றால் பாதிப்பேர் பின்வாங்குவர்; சனிப்பார்வை பொல்லாதது. சனி நம்மைப் பார்ப்பதும் நாம் சனியைப் பார்ப்பதும் ஒன்றா என்பதில் நூல்கள் தெளிவாக இல்லை. ஆனால் அங்கிருந்து ஒளி வந்து சேர எழுபது முதல் தொண்ணூறு நிமிடம் ஆகிறது; ஏறக்குறைய ஒரு ராகு காலம். ராகு காலத்தில் கிளம்பிய பார்வை நல்ல நேரத்தில் வந்து விழும், நல்ல நேரத்தில் கிளம்பியது எமகண்டத்தில். காலாவதியான பார்வைக்குப் பரிகாரம் உண்டா என்பதைப் பஞ்சாங்க அறிஞர்கள் ஆராயலாம். அவர்களுக்கு நேரமில்லை. 2023-இல் சனி கும்பத்துக்குத் திருக்கணிதப்படி ஜனவரி 17 அன்றும் வாக்கியப்படி டிசம்பர் 20 அன்றும் இரண்டு முறை பெயர்ந்தது. இடைப்பட்ட பதினோரு மாதத்தில் பெரும்பகுதி அது வானத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தபடிதான் நகர்ந்தது. யாரும் எட்டிப் பார்த்து வழக்கைத் தீர்க்கவில்லை. 2025 மார்ச்சில் வளையம் பூமிக்கு நேர்விளிம்பாகத் திரும்பி மறைந்தது. அந்த ஆண்டு வளையம் காட்டுவதாக ஆள் கூட்டியவர்கள் பட்ட பாடு இங்கே வேண்டாம்.

நிலா

நிலாவைக் காட்டினால் முதற்கேள்வி, சந்திரயான் தெரிகிறதா என்பது. தெரியாது. ஐந்து அங்குலத் தொலைநோக்கிக்கு நிலவில் இரண்டு கிலோமீட்டருக்குக் குறைந்தது எதுவும் பிடிபடாது. விக்ரம் இறங்குகலம் ஒரு மாட்டுவண்டி அளவு. மண் தெரியும். நிலவின் மேட்டுநிலம் அனார்த்தோசைட் என்னும் பாறை. அதே இனப் பாறை நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்கள் அதை அடையாளம் காட்ட, அரைத்த மண்ணை இஸ்ரோ வாங்கிப்போய்ச் சந்திரயானின் கலங்களைச் சோதித்தது. பேராசிரியர்கள் வயலில் இறங்கி, பயன்படும் ஒன்றைச் செய்ததற்கு இது சான்று. விதிவிலக்கு எனக் கொண்டு மேலே செல்லலாம்.

இந்தச் செய்தியைக் கேட்டபின் கண்வில்லையை விட்டு அகலாமல் நெடுநேரம் குனிந்திருந்தவரின் வினா மட்டும் விடையின்றி நிற்கிறது: “அப்படின்னா அங்க ஏக்கர் என்ன வெல போவும்?” (பால்காரர், மூன்றாம் வாய்மொழி, இம்முறை வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டுக் கேட்டது; விடை அடுத்த இதழில் தனிக் கட்டுரையாக வரும்; பக்கத்துக்கு இவ்வளவு என்று ஆய்விதழுக்குப் பணம் கட்டியாயிற்று.)