பத்துக்கு எத்தனை, பாட்டி?

எங்கள் பெரியம்மா வாழ்நாளில் ஒரே ஒரு பரீட்சைதான் எழுதியிருக்கிறார். அதுவும் எழுபத்தெட்டு வயதில். பாடம்: முழங்கால் வலி. மொத்த மதிப்பெண்: பத்து.

அவர் இருக்கும் முதியோர் இல்லத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆய்வேட்டிலேயே ‘தேர்ந்தெடுக்கப்பட்ட முதியோர் இல்லம்’ என்றுதான் அச்சாகியிருக்கிறது. கல்லூரி பஸ் போகிற வழியில் இருந்தது, தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

வந்தவள் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண். நல்ல பிள்ளை, குரலில் பாசம் இருந்தது. “வலியே இல்லேன்னா பூஜ்யம், தாங்கவே முடியலேன்னா பத்து. உங்களுக்கு எத்தனை பாட்டி?” என்று கேட்டாள்.

“நீயே பாத்துப் போட்டுக்க தாயி.”

“இல்ல பாட்டி, நீங்கதான் சொல்லணும்.”

“அப்ப ஒரு நாலு போட்டுக்க. ஒனக்குக் கட்டுபடியாகுமா?”

சுவரைப் பிடிக்காமல் கக்கூசுக்குப் போக முடியாதவர் போட்டுக்கொண்ட மதிப்பெண் நாலு. பந்தியில் இரண்டாம் தடவை சோறு கேட்கக் கூசிய தலைமுறை அது. வலியில் மட்டும் வாய் திறந்து எட்டு கேட்குமா? அந்தக் கூச்சத்தைப் பதிய ஆய்வுப் படிவத்தில் கட்டம் இல்லை. நாலு, நாலாகவே கணினிக்குள் போனது.

அடுத்து சீட்டுக் குலுக்கல். அறுபது கிழங்களில் முப்பது பேர் ‘ஆய்வுக் குழு’, முப்பது பேர் ‘கட்டுப்பாட்டுக் குழு’. முதல் குழுவுக்கு ஏழு நாள், காலையும் மாலையும், ரப்பர் பையில் வெந்நீர் ஒத்தடம். இரண்டாம் குழுவுக்கு, பெயருக்கேற்றபடி, கட்டுப்பாடு. எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில்காரிக்கு நடக்கும் ஒத்தடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெரியம்மாவின் சீட்டு அந்தப் பக்கம்தான் விழுந்தது.

ஊரில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் நொச்சி வதக்கி, கல்லுப்பு வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்த கை அவருடையது. ஒத்தடம் வலிக்கு இதமா என்று அவரிடம் கேட்டிருந்தால் வெற்றிலையை மடித்துக்கொண்டே அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். கேட்கவில்லை. அவரைத் திண்ணையில் உட்காரவைத்து, ஒத்தடம் கொடுக்காமலே நிரூபித்தார்கள்.

எட்டாம் நாள் ‘போஸ்ட் டெஸ்ட்’. ஆய்வுக் குழுவுக்கு வலி குறைந்திருந்தது. புள்ளியியல் கணக்கில் பி மதிப்பு 0.05-க்குக் கீழே. கருதுகோள் வென்றது. அன்று மாலையே முப்பது ரப்பர் பைகளும் அட்டைப்பெட்டிக்குள் போய் பஸ் ஏறின. கட்டுப்பாட்டுக் குழுவையும் சும்மா விடவில்லை. ஆளுக்கொரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள்: ‘வெந்நீர் ஒத்தடத்தின் நன்மைகள்’. இரண்டு கண்ணிலும் புரை விழுந்த பெரியம்மா அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். கவர்மென்டு காகிதமோ என்ற பயம்.

நர்சிங் கல்லூரி நூலகங்களில் ஒரு நடை போய்வாருங்கள். வெந்நீர், எப்சம் உப்பு, கடுகெண்ணெய், இஞ்சி என்று ஒரு மளிகைக் கடையே அலமாரியில் ஏறி உட்கார்ந்திருக்கும். எல்லாவற்றிலும் வலி குறைந்திருக்கும். ஊரில் மட்டும் குறையாது.

ஆராய்ச்சியே வீண் என்று சொல்ல வரவில்லை. நோயாளி எதை வலி என்கிறாரோ அதுவே வலி, அவர் இருக்கிறது என்றால் இருக்கிறது என்று 1968-இலேயே எழுதிவைத்தவர் மார்கோ மெக்காஃபரி என்ற அமெரிக்க நர்ஸ்தான். 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களைப் பார்த்தது. எலும்பு முறிவு எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் மறதிநோய் முற்றியவர்களுக்குக் கிடைத்த மார்ஃபின், நினைவு தெளிவாக இருந்தவர்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு. ‘வலிக்கிறது’ என்று சொல்லத் தெரியாதவருக்கு வலி இல்லை என்று கணக்கு. அப்படி வாய் பேசாதவர்களுக்காகவே மூச்சு, முனகல், முகச்சுளிப்பு, உடல் அசைவு, தேற்றினால் தேறுகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடும் ‘பெயினாட்’ அளவுகோல் 2003-இல் வந்தது. நார்வேயின் முதியோர் இல்லங்களில், கத்திக் கலாட்டா செய்த மறதிநோயாளிகளுக்கு முறையாக வலி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், கலாட்டா குறைந்தது. 2011-இல் வெளிவந்த முடிவு அது. நம் ஊரில் கத்துகிற கிழவிக்குப் பெயர் ‘தொந்தரவு கேஸ்’. கையைக் கட்டிலோடு கட்டிவிட்டால் சரியாகிவிடும்.

இந்த விவரமெல்லாம் பெரியம்மா கலந்துகொண்ட ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் அழகாகத் தொகுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தை யாரும் படிப்பதில்லை.

அந்தப் பெண்ணை நான் திட்டவில்லை. பட்டம் வாங்கி அவள் போகிற இடம் எது? 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஒப்பந்த நர்சுகள் போராட வந்து உட்கார்ந்தார்களே, நினைவிருக்கிறதா? போட்டித் தேர்வு எழுதி அரசு வேலைக்கு வந்தவர்கள். அப்போது அவர்களின் மாதச் சம்பளம் 7,700 ரூபாய். ராத்திரி டூட்டியில் ஒரு வார்டு முழுக்க ஒற்றை ஆளாக ஓடுகிறவளிடம் போய், ஒவ்வொரு கிழவியின் கட்டிலிலும் உட்கார்ந்து முகச்சுளிப்பைக் கவனி என்று யார் சொல்வது? கேஸ் ஷீட்டில் காய்ச்சலுக்கும் நாடிக்கும் பக்கத்தில் ‘வலி’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர்கள் அது நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். எல்லாருக்கும் ரெண்டு. போன வாரம் இறந்தவருக்கும் ரெண்டு.

அப்படியானால் இல்லத்தில் வலிக்கு என்னதான் மருந்து? மெடிக்கல் ஷாப் மாத்திரை ‘செட்’தான். வாட்ச்மேன் போய், “மூட்டுவலிக்கு ரெண்டு செட் குடுங்க” என்று வாங்கிவருவார். டாக்டர் சீட்டு கிடையாது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்ற கேள்வி கிடையாது. செட்டில் அடிக்கடி இருப்பது டைக்ளோஃபினாக்.

டைக்ளோஃபினாக்குக்கு நம் நாட்டில் ஒரு சரித்திரம் உண்டு. மாட்டுக்கு அந்த ஊசியைப் போட, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006-இல் கால்நடைக்கு அந்த மருந்தையே அரசு தடை செய்தது. பெரிய குப்பியை வாங்கி மாட்டுக்குப் போடுகிறார்கள் என்பதால், 2015-இல் மனிதர்களுக்கான ஊசிக் குப்பியையும் 3 மில்லிக்குச் சுருக்கியது. நல்ல காரியம், பாறு வாழ வேண்டும். எண்பது வயதுச் சிறுநீரகத்துக்கும் அதே மருந்து ஆகாது என்பது மருத்துவப் பாடம்தான். ஆனால் கிழவிகள் அருகிவரும் இனம் இல்லையே! 2021 கணிப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. சிறகு முளைத்தால் ஒருவேளை யாராவது கணக்கெடுக்க வரலாம்.

கடைசிக் கட்ட வலிக்கு மார்ஃபின் என்று ஒன்று இருக்கிறது. அது எடுக்கப்படும் அபினுக்கு நீமச்சிலும் காஜிப்பூரிலும் அரசே ஆலை நடத்துகிற நாடு இது. 1985 போதைப்பொருள் சட்டம் அந்த மருந்தை ஆஸ்பத்திரிகளுக்கே எட்டாமல் செய்தது. விதிகளைத் தளர்த்த 2014 வரை ஆயிற்று. அதற்குள் எத்தனை பேர் அலறிச் செத்தார்கள் என்பதற்கு எந்த ஆய்வேடும் இல்லை. பக்கத்தில் கோழிக்கோட்டில் 1993-இலேயே சின்னதாக ஒரு வலிநிவாரண கிளினிக் தொடங்கி, ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு அதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார்கள். நாம் பி மதிப்பு பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெரியம்மாவின் ஆய்வேட்டை நான் முழுக்கப் படித்தேன். நன்றியுரையில் கடவுள், தாளாளர், முதல்வர், புள்ளியியல் ஆலோசகர், டைப் அடித்தவர் எல்லாரும் வந்த பிறகு, கடைசி வரியில் ‘ஒத்துழைத்த முதியோர்’ வருகிறார்கள். பரிந்துரைப் பகுதியில் முதல் பரிந்துரை: இதே ஆய்வை இன்னும் அதிகமான முதியோரிடம் மீண்டும் நடத்தலாம்.

நடத்துங்கள், வழிகாட்டிப் பேராசிரியர்களே. அடுத்த வருஷமும் பஸ் அந்த வழியாகத்தானே போகப்போகிறது. ஒரே ஒரு விண்ணப்பம்: ரப்பர் பை முப்பது வாங்காதீர்கள், அறுபதாக வாங்குங்கள். திரும்பும்போது அவற்றை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.